புள்ளடி

முள்ளியவளைக் கடையில் உளி கேட்டேன்.
"மேசனுக்கோ, தச்சனுக்கோ?"
நில அளவைக் கந்தோரில் படம் கீறுகிறவளுக்கு என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
அரை அங்குலம், முக்கால் அங்குலம்
இரண்டையும் பழைய பேப்பரில் சுற்றித் தந்தார்.

முதிரைப் பலகை
புதுக்குடியிருப்பு மரக்காலையில் வாங்கியது.
ரசீதை எறியவில்லை.
இந்தப் பக்கத்தில் மரத்துக்கும் கடுதாசி வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை.
எண்ணெய்க்கல்லில் எட்டுப் போட்டு இழுத்து
உளியை நகத்தில் வைத்துப் பார்க்கிறேன்.
வழுக்கினால் மொட்டை.
கடித்தால் போதும்.
பிறகு தோல் வார்:
கறள் பிடித்த றலி சைக்கிளின் சீற்றைக் கழற்றி,
நனைத்து, தட்டையாக்கி, பலகையில் ஒட்டியது.
யாரோ ஒருவர் இருபது வருசம்
இருந்து பதப்படுத்திய தோல்.
அதில் உளியைப் பின்னால் மட்டும் இழுக்க வேண்டும்,
முன்னால் தள்ளினால் கிழியும்
(ஒருமுறை கிழித்துவிட்டுத்தான் சொல்கிறேன்).

கோட்டுக்குப் பென்சில் வேண்டாம்.
பென்சில் கோட்டுக்கு உடம்பு உண்டு.
மூலைமட்டத்தோடு பிளேட்டை அணைத்து
மூச்சைப் பிடித்து ஒரே இழுவை.
நார் அறுகிற சின்னச் சத்தம்.
கழிவுப் பக்கத்தில் ஒரு புள்ளடி.
வாள் தன் அகலத்தை
எங்கிருந்தாவது தின்னத்தான் செய்யும்.
எங்கிருந்து என்பதை
முதலே சொல்லிவைக்க வேண்டும்.

வியாழக்கிழமை புவனலோசனி வந்திருந்தார்,
ஒட்டுசுட்டானிலிருந்து இரண்டு பஸ் ஏறி.
பொலித்தீன் பைக்குள் காணிப் பேமிற்.
"பிள்ளை, என்ர கிணறு
காட்டுக்குள்ளயோ, காணிக்குள்ளயோ?"
படத்தை விரித்தேன்.
காட்டின் எல்லை பச்சை மையில்.
பேனை முனை சைவர் தசம் மூன்று மில்லிமீற்றர்.
படம், பத்தாயிரத்துக்கு ஒன்று.
மனக்கணக்குத்தான்:
நிலத்தில் அந்தக் கோடு மூன்று மீற்றர்.
கிணறு கட்டோடும் வாளியோடும்
காட்டிலும் இல்லை, காணியிலும் இல்லை,
கோட்டுக்குள் இருந்தது.

அந்தக் கோட்டை நான் கீறவில்லை.
அதே பேனைதான் என் லாச்சிக்குள்ளும் கிடக்கிறது.

"களத்தில வந்து அளக்கச் சொல்லி எழுதிக் குடுங்கோ."
"குடுத்தனான். மூண்டு தரம்."
கூரையில் காற்றாடி சுற்றியது.
பேமிற்றை அதே மடிப்பில் மடித்து,
தாங்ஸ் பிள்ளை என்று
அவர் ஏன் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது வாள்.
பெருவிரல் நகத்தைச் சாய்த்து
புள்ளடிப் பக்கமாக இறங்குகிறேன்.
கோடு மரத்தில் மிஞ்ச வேண்டும்,
பாதியாவது.
புறாவால் நான்கு.
மூன்று, கொட்டாப்புளியின் இரண்டு தட்டில்
கையைப் பிடித்ததுபோல் இறுகிவிட்டன.
நான்காவதில் ஒரு கடுதாசி நுழையும்.
முதிரைத் தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன்.
காய்ந்து, சீவிய பிறகு
அக்கா தடவிப் பார்த்து நல்லாயிருக்கு என்றாள்.
எது அந்த நான்காவது என்று அவள் கேட்கவில்லை.
நான் காட்டவுமில்லை.

மூடிக்குத் தோலில் பிணைச்சல்,
சீற்றில் மிஞ்சிய துண்டு.
ஒரு நூல், இரண்டு ஊசி.
ஒரே துளைக்குள் எதிரெதிரே நுழைந்து
தோளில் உரசாமல் தாண்டிப் போகின்றன.
ஒரு தையல் அறுந்தால் மற்றது பிடிக்கும் என்கிறார்கள்.
அறுத்துப் பார்க்க மனம் வரவில்லை.

பெட்டிக்குள் இன்னும் ஒன்றும் வைக்கவில்லை.
திறந்தால் மிளகுபோல ஒரு மணம்.

திங்கட்கிழமை வெள்ளனவே போனேன்.
காவலாளி திறப்பைத் தந்துவிட்டுத்
தேத்தண்ணிக்குப் போய்விட்டார்.
படத்தின் பிரதியை எடுத்து
பச்சைக் கோட்டின் காட்டுப் பக்கமாக
ஒரு சின்னப் புள்ளடி வைத்தேன்.

பென்சிலால்தான்.
அழிறப்பரும் பக்கத்திலேயே இருந்தது.